மோட்டாருக்குக் காவல் யார்?

எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டில் புதுச்சத்திரம் இரண்டு. ஒன்று எங்கள் ஊர். நாமக்கல்லிலிருந்து சேலம் போகிற நெடுஞ்சாலையில், லாரியும் கோழி வண்டியும் ரிக் வண்டியும் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும். இன்னொன்று கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற வழியில் இருக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரம் கிழக்கே போனால் சாமியார்பேட்டைக் கடற்கரை. ஹாஸ்டல் விண்ணப்பத்தில் இரண்டு பேர் 'புதுச்சத்திரம்' என்று எழுதியிருந்ததால், ஊர்க்காரப் பையன்கள் சேர்ந்தே இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தில் ஒரே அறையைக் கொடுத்துவிட்டார்கள். அப்படி வந்து சேர்ந்தவன்தான் என் அறைத் தோழன். அவன் மெக்கானிக்கல், நான் எலக்ட்ரிகல். அவன் வீட்டில் படகு, எங்கள் வீட்டில் வெங்காயத் தோட்டம். மழை வந்தால் அவனுக்குக் கவலை, மழை வராவிட்டால் எனக்குக் கவலை.

மூன்று வருடம் பேசிப் பேசி இரண்டு ஊருக்கும் பெயரைத் தவிர இன்னொரு ஒற்றுமையையும் கண்டுபிடித்தோம். இரண்டு புதுச்சத்திரத்திலும் ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பது மோட்டார்தான்! அங்கே படகு மோட்டார், இங்கே கிணற்று மோட்டார். இரண்டையும் திருடர்களிடமிருந்து காப்பாற்றுவது எப்படி என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நண்பர்களே, 'இதெல்லாம் ஒரு விஷயமா?' என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நம்மில் பாதிப்பேர் வீட்டில் மோட்டார் ஓடினால்தான் அடுப்பு எரியும்.

முதலில் அவன் ஊர்க் கதை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அந்தக் கரையோரத்தில் ஃபைபர் படகுகள் பெருகிவிட்டன. சிலர் நீளத் தண்டு வைத்த டீசல் எஞ்சின் ஓட்டுகிறார்கள். சிலர் படகின் பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு மோட்டார் வைத்திருக்கிறார்கள். மீன்வளத்துறை மானிய விண்ணப்பங்களில் 'வெளிப்பொருத்தும் இயந்திரம்' என்று இதற்குத்தான் பெயர். பத்துக் குதிரைத்திறன் மோட்டார் ஏறத்தாழ 40 கிலோ இருக்கும். புதிதாக வாங்கினால் லட்ச ரூபாயைத் தாண்டும். ஆனால் அதைப் படகோடு பிடித்து வைத்திருப்பது என்ன தெரியுமா? கையால் முறுக்குகிற இரண்டு திருகு!

இது வடிவமைத்தவரின் கவனக்குறைவு அல்ல. அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில் ஓலி எவின்ரூட் என்பவர் 1909-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டாரின் எடை 62 பவுண்டு, அதாவது 28 கிலோ. யாருடைய படகிலும் மாட்டலாம், வேலை முடிந்தால் கழற்றி வீட்டுக்குத் தூக்கிப் போகலாம் என்பதுதான் இந்த வகை மோட்டாரின் சிறப்பே. சொந்தக்காரன் சுலபமாகக் கழற்றலாம் என்றால் திருடனும் சுலபமாகக் கழற்றலாம். அந்தச் சிறப்பும் இந்த ஆபத்தும் ஒரே திருகில் இருக்கின்றன.

அதனால் அங்கே என்ன செய்கிறார்கள்? "கரைக்கு வந்ததும் முதல் வேலை மீனை இறக்குறது, ரெண்டாவது வேலை மோட்டாரை இறக்குறதுடா" என்பான் என் தோழன். மூங்கில் கழியில் கட்டி இரண்டு பேர் தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவார்களாம். கொண்டுபோகிறதிலும் முறை உண்டு. உள்ளே நிற்கிற தண்ணீர் முழுவதும் வடியும்வரை செங்குத்தாகவே பிடிக்க வேண்டும். அவசரப்பட்டுப் படுக்கப் போட்டால் குளிர்விக்க உள்ளே போன உப்புத்தண்ணீர் சிலிண்டர் பக்கம் இறங்கிவிடும். வீட்டுக்குப் போனதும் நல்ல தண்ணீர் விட்டு அலசி, தலைப்பக்கம் மேலே இருக்கும்படி மரச்சட்டத்தில் மாட்டி வைப்பார்கள். திருட்டுக்குப் பயந்து செய்கிற வேலை துருவுக்கும் மருந்தாகிவிடுகிறது.

தினமும் தூக்க முடியாதவர்கள் பூட்டுப் போடுகிறார்கள். இரண்டு திருகின் கைப்பிடியும் திரும்ப முடியாதபடி மேலே ஒரு எவர்சில்வர் பட்டையை மாட்டிப் பூட்டலாம். மோட்டாரின் பிடியிலிருந்து படகின் கொண்டிக்கு ஒரு சங்கிலியும் போடலாம். பெரிய மோட்டார் என்றால் திருகை நம்பாமல் பின்பலகையைத் துளைத்துப் போல்ட் போட்டுவிடுவார்கள். மோட்டாரோடு வருகிற அவசர நிறுத்தக் கயிறு ஒன்று உண்டு. ஓட்டுகிறவர் தண்ணீரில் விழுந்தால் எஞ்சின் நிற்பதற்காக வைத்தது. அதன் கிளிப்பை உருவி மடியில் முடிந்துகொண்டால் மோட்டார் கிளம்பாது. படகை ஓட்டிக்கொண்டு போகாமல் தடுக்க இது உதவும். மோட்டாரைக் கழற்றித் தூக்குகிறவனை இது ஒன்றும் செய்யாது. ரம்பம் கொண்டுவருகிறவன் பூட்டைத் தொடமாட்டான், பின்பலகையையே அறுத்துவிடுவான். பூட்டு நமக்கு வாங்கித் தருவது பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் யாராவது பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கடலுக்கு நடுவே நடப்பது வேறு. கோடியக்கரைக்கு அப்பால் மீன்பிடிக்கும் நாகை மாவட்ட மீனவர்களைப் படகில் வந்தவர்கள் தாக்கி, வலை, ஜி.பி.எஸ்., எஞ்சின் எல்லாவற்றையும் பறித்துக்கொண்டு போன செய்தியைச் சமீப வருடங்களில் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறோம். அது கொள்ளை. அதற்குப் பூட்டு பதில் சொல்லாது, அரசாங்கங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். நாம் பேசுவது கரையில் ஆள் இல்லாத நேரத்தில் நடக்கிற திருட்டை.

இப்போது எங்கள் ஊருக்கு வாருங்கள். எங்கள் பக்கம் போர்வெல் ஆயிரம் அடி என்பது சர்வசாதாரணம். சப்மெர்சிபிள் மோட்டார் குழாய் நுனியில் தொங்கிக்கொண்டு பாதாளத்தில் கிடக்கிறது. அதை மேலே எடுக்க வண்டியும் ஆளும் கப்பியும் வேண்டும். பிறகு எதற்குப் பயம் என்று என் தோழனே ஒருநாள் கேட்டான். திருடன் மோட்டாரைத் தேடி வருவதில்லை. மோட்டார் ரூமிலிருந்து போர் வாய் வரைக்கும் போகிற ஒயரைத் தேடி வருகிறான்!

போன பங்குனியில் எங்கள் தோட்டத்தில் அதுதான் நடந்தது. சின்ன வெங்காயம் காய் திரளுகிற சமயம். காலையில் மும்முனை கரண்ட் வந்ததும் அப்பா போய் ஸ்டார்ட்டரை அமுக்கியிருக்கிறார். 'டக்' என்ற சத்தம்கூட இல்லை. வெளியே வந்து பார்த்தால் 60 மீட்டர் ஒயர் இருந்த இடத்தில் மண்ணில் ஒரு கோடு மட்டும் இருக்கிறது. ஓடைக்கரையில் கருகின பிளாஸ்டிக் நெடி. மேல் உறையைக் கொளுத்திவிட்டுச் செம்பை மட்டும் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

நாம் படித்த கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். ஒரு கம்பியின் குறுக்குப் பரப்பு 4 சதுர மில்லிமீட்டர். கம்பி மூன்று. ஒரு மீட்டருக்கு 12 கன சென்டிமீட்டர் செம்பு. செம்பின் அடர்த்தி 8.96. ஆக மீட்டருக்கு 107 கிராம், 60 மீட்டருக்கு ஏறத்தாழ ஆறரைக் கிலோ. பழைய செம்பு கிலோ ஐந்நூறு ரூபாய்க்கு மேல் போகிறது. திருட்டுச் சரக்கு என்று தெரிந்தால் கடைக்காரர் அதிலும் குறைப்பார். திருடனுக்குக் கிடைத்தது ரெண்டாயிரம், மூவாயிரம் இருக்கலாம். எங்களுக்குப் போனது புது ஒயரின் விலை, ஆள் கூலி, அதற்கு மேல் நாலு நாள் தண்ணீர். அந்த நாலு நாளில் வெங்காயத் தாள் மஞ்சள் அடித்து மடிந்ததை அப்பா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. கடன் வாங்கி ஒயர் போட்டோம். விளைச்சல் பாதிக்கும் கீழே.

ஹாஸ்டலுக்குத் திரும்பி இதைச் சொன்னபோது என் தோழன் ஒரு வார்த்தை சொன்னான். "எங்க ஊர்ல அதை உசுரோட விக்கிறான், உங்க ஊர்ல கொன்னு விக்கிறான்." யோசித்துப் பார்த்தால் விஷயம் முழுவதும் இதற்குள் இருக்கிறது. படகு மோட்டாரைத் திருடினவன் அதை மோட்டாராகவே விற்றால்தான் காசு. அதற்கு எண் உண்டு, அடையாளம் உண்டு. வாங்குகிறவன் அதைக் கடலில் பத்துப் பேர் பார்க்க ஓட்ட வேண்டும். எங்கள் ஒயரைத் திருடினவனுக்கு அந்தத் தொல்லையே கிடையாது. எரிந்த செம்புக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை. திருடன் எதை விற்கப்போகிறான் என்று பார்த்துத்தான் காவலைத் தீர்மானிக்க வேண்டும். ஒரே பூட்டு இரண்டுக்கும் சரிப்படாது.

நல்ல வழிகளுக்கு முன்னால் ஒரு கெட்ட வழியைச் சொல்லிவிடுகிறேன். ஒயர் போன அன்று சாயங்காலம் சித்தப்பா கோபத்தில், "பேசாம சுத்தியும் கம்பி இழுத்து ஒரு ஃபேஸைக் குடுத்துடலாம். தொட்டவன் சாவட்டும்" என்றார். வீட்டில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான்தானே எலக்ட்ரிகல்! திண்ணையிலிருந்து அப்பாரு குரல் வந்தது. "ஏஞ்சாமி, திருடன் எப்ப வந்தான்? கரண்டு இல்லாதப்பத்தான வந்தான்? கரண்டு வர்றப்ப அந்தப் பக்கம் போறது ஆரு? ஆடு மேய்க்கிற புள்ளையும் உன்ற பொண்டாட்டியுந்தான்."

படித்த நான் சொல்ல வேண்டியதைப் படிக்காத அப்பாரு சொல்லிவிட்டார். ஈரமண்ணில் வெறுங்காலோடு நிற்கிற உடம்பை 230 வோல்ட் தொட்டால், ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு பாய்ந்தாலே இதயத் துடிப்பு குலைந்துவிடும். தோட்டத்து மின்வேலியில் சிக்கி ஆள் செத்த செய்தி நம் மாநிலத்தில் புதிது அல்ல. வேலிக்கு நேரடியாகக் கரண்ட் கொடுப்பது சட்டப்படி குற்றம். அதில் ஆள் செத்தால் கொடுத்தவர் கொலைக் குற்றத்துக்கு நிகரான வழக்கில் நிற்க வேண்டியிருக்கும். ஆறரைக் கிலோ செம்புக்கு ஓர் உயிர் என்ற கணக்கை எந்தப் பாலிடெக்னிக்கிலும் சொல்லித் தரவில்லை. டிப்ளமோ படித்தவர்களிடம் ஊரில் யாராவது இந்த வேலையைக் கேட்டால் 'முடியாது' என்று சொல்லுங்கள். நம் படிப்புக்கு அதுதான் முதல் மரியாதை.

சரி, நல்ல வழிகள் என்ன? நான்கு சொல்கிறேன். இவற்றில் மூன்றை எங்கள் தோட்டத்தில் செய்துவிட்டோம்.

முதலாவது, திருடனின் லாபத்தைக் குறைப்பது. போர் வாய்க்குள் இறங்குகிற ஒயர் செம்பாகவே இருக்கட்டும். தரைமேல் போகிற ஒயரை அலுமினியத்துக்கு மாற்றலாம். அலுமினியத்தின் மின்தடை செம்பைப் போல 1.6 மடங்கு. ஆகவே 4 சதுர மில்லிமீட்டர் செம்புக்குப் பதிலாக 6.4 வேண்டும். கடையில் கிடைக்கிற 10 எடுத்துக்கொண்டால் தாராளம். பழைய அலுமினியத்துக்குச் செம்பின் விலையில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடைக்காது. ராத்திரி முழுக்கக் கஷ்டப்பட்டு ஐந்நூறு, ஆயிரத்துக்கு யார் வருவார்கள்? ஒரே ஒரு எச்சரிக்கை. செம்பையும் அலுமினியத்தையும் நேரடியாக முறுக்கிச் சேர்க்கக் கூடாது. ஈரம் பட்டால் இணைப்பு அரித்துச் சூடேறி எரியும். பைமெட்டாலிக் லக் போட்டு, தண்ணீர் படாத பெட்டிக்குள் இணைக்க வேண்டும்.

இரண்டாவது, கைக்கு எட்டாமல் வைப்பது. ஒயரை ஹெச்.டி.பி.இ. குழாய்க்குள் விட்டு, ஏர் உழுதாலும் எட்டாத ஆழத்தில் புதைத்துவிட வேண்டும். போர் வாயில் வெளியே தெரிகிற ஒரு முழத்துக்கு இரும்புக் குழாய் போட்டுக் கான்கிரீட்டில் பதித்துவிடலாம். தோண்ட நேரமாகும். மோட்டாருக்கும் படகுக்கும் பூட்டு வாங்கித் தருகிற அதே பத்து நிமிஷம் இங்கே ஒரு மணி நேரமாகிறது.

மூன்றாவது, சத்தம். இதை நம் லேபில் இருக்கிற சாமானை வைத்தே செய்யலாம். ஒயர் போகிற அதே குழாய்க்குள் மெல்லிய இரட்டைக் கம்பி ஒன்றையும் விட்டு, கடைசி நுனியில் இரண்டையும் சேர்த்துவிட வேண்டும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இந்தக் கம்பி வழியாக ஒரு ரிலேவுக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். கம்பி அறுந்தால் ரிலே விழும். விழுந்தால் அதன் 'நார்மலி குளோஸ்டு' முனை சேர்ந்து சைரன் ஊதும். ரிலே காயில் 400 ஓம் என்றால் 30 மில்லி ஆம்பியர், ஒரு நாளைக்கு 720 மில்லி ஆம்பியர் மணி. 7 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்று சார்ஜ் இல்லாமலே ஒன்பது நாள் தாங்கும். கரண்ட் வருகிற நேரத்தில் தானாகச் சார்ஜ் ஏற ஒரு சின்ன சர்க்யூட் போதும். இதில் யாரும் சாகமாட்டார்கள், தூங்குகிறவர்கள் எழுந்துகொள்வார்கள். இப்போது பல தோட்டங்களில் மொபைலில் மோட்டார் போடுகிற ஸ்டார்ட்டர் இருக்கிறது. அதோடு இதைச் சேர்த்துவிட்டால் வீட்டுக்குப் போனே வந்துவிடும்.

நான்காவது, பெயர் எழுதுவது. செம்புக் கம்பிக்கு இது உதவாது. ஆனால் கிணற்றுக்குள் கிடக்கிற ஓப்பன்வெல் மோட்டார், மோனோபிளாக், ஸ்டார்ட்டர் பெட்டி, படகு மோட்டார் இவற்றுக்கெல்லாம் உதவும். கம்பெனி போட்ட எண் தகட்டை அரத்தால் ராவிவிடுவார்கள். அதனால் கழற்றினால் மட்டுமே தெரிகிற இரண்டு மூன்று இடங்களில் நாமே எண்ணைப் பொறிக்க வேண்டும். எந்த எண்? விவசாய மோட்டாருக்கு மின் இணைப்பு எண் இருக்கிறது, மின்வாரியப் பதிவேட்டில் அது ஒருவருக்கு மட்டுமே சொந்தம். படகுக்குப் பதிவு எண் இருக்கிறது. 1983-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்த காலம் தொட்டு மீன்பிடிப் படகைப் பதிவு செய்தாக வேண்டும். அந்த எண்ணையே பொறித்துவிட்டால் மோட்டார் எங்கே கிடைத்தாலும் யாருடையது என்று கேட்கவே வேண்டாம். அவுட்போர்டின் அலுமினிய வார்ப்பில் எழுத்துப் பஞ்சை வைத்துச் சுத்தியலால் அடித்தால் கீறல் விடலாம், சப்மெர்சிபிளின் எவர்சில்வர் உடம்பு அமுங்கிவிடும். மின்சார என்கிரேவரால் எழுதுவதுதான் நல்லது. எழுதினதைப் போட்டோ எடுத்து, பில்லோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். புகார் கொடுக்கப் போகும்போது 'பத்து ஹெச்.பி. மோட்டார், நீலக் கலர்' என்று சொல்வதற்கும், எண்ணையும் படத்தையும் நீட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்வோம். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் 303-ஆம் பிரிவுப்படி திருட்டுக்கு மூன்று வருடம் வரை சிறை. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, முதல் முறை குற்றவாளி அதைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான் தண்டனை. ஆகவே ஒயர் போனால் பழைய செம்பு விலையைச் சொல்லாமல், புது ஒயரின் பில்லோடு புகார் எழுதுங்கள். 317-ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினவருக்கும் அதே மூன்று வருடம் வரை சிறை! தோலுரித்த கரிச்செம்பை நடுராத்திரியில் கொண்டுவந்து கொடுத்தால், அது எங்கிருந்து வந்தது என்று வாங்குகிறவருக்குத் தெரியாதா? வாங்க ஆள் இருக்கிறவரைக்கும் வெட்ட ஆள் வருவான். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து போய்ப் பக்கத்துப் பழைய இரும்புக் கடைக்காரர்களிடம், 'பேர் எழுதி வாங்காமல் செம்பு எடுக்காதீங்க' என்று பேசிவிட்டு வந்தார்கள். அதட்டவில்லை, அடிக்கவில்லை. கூட்டமாகப் போனார்கள், அவ்வளவுதான்.

அப்பாரு ஒன்று சொல்வார். அவர் வாலிபத்தில் கவலை ஓட்டின காலத்தில், பொழுது இறங்கினதும் சாலையும் வடத்தையும் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வருவாராம். கிணற்று மேட்டில் விட்டுவிட்டு வந்தால் காலையில் இருக்காதாம். ஆக, திருட்டு அன்றைக்கும் இருந்தது. அன்றைக்கு இறைக்கிற சாமான் தோளில் தூக்குகிற கனம்தான், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டது. கடற்கரையில் இன்னும் அது முடிகிறது. ஆயிரம் அடி ஆழத்தில் தொங்குகிறதை எங்கள் ஊரில் யார் தூக்கி வருவது? தோளால் முடியாத காவலைப் படிப்பால்தான் செய்ய வேண்டும்.

அதனால் நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். ஒவ்வொரு வருடமும் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் நடத்துகிறோம். கோயில் சுவருக்கு வெள்ளையடிக்கிறோம், மரக்கன்று நடுகிறோம். நல்லதுதான். அடுத்த முகாமில் நான்கு என்கிரேவரும் ஒரு நோட்டுப் புத்தகமும் எடுத்துக்கொள்வோம். மெக்கானிக்கல் நண்பர்கள் மோட்டாருக்கு எண் பொறிக்கட்டும். எலக்ட்ரிகல், எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் சைரன் பெட்டி செய்து மாட்டட்டும். சிவில் நண்பர்கள் போர் வாய்க்குக் கான்கிரீட் போடட்டும். ஒரு ஊரில் ஏழு நாளில் ஐம்பது மோட்டாரை முடிக்கலாம். அடுத்த பங்குனியில் அந்த ஊரில் ஒரே ஒரு விவசாயி ஸ்டார்ட்டரை அமுக்கும்போது தண்ணீர் வந்தால் போதும், நம் டிப்ளமோவுக்கு அன்றைக்கே மதிப்பெண் போட்டாயிற்று.